வேலை போனதும் சேனல் சோறு போடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

டர்பன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் பார்த்த முழுநேர வேலை சென்ற மாதம் போய்விட்டது. சின்னதாக ஒரு கேமிங் சேனல் நடத்துகிறேன், அதனால் சாட்ஸ்வொர்த்தில் பார்க்கிறவர்களெல்லாம் "இனி அதையே முழுசா பண்ணு தம்பி" என்கிறார்கள். யூடியூபில் விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அதைத் தாண்டினாலும் வீடியோ விளம்பர வருமானத்தில் 55 சதவீதம்தான் நமக்கு. வாடகையோ மாதா மாதம் கட்டியாக வேண்டும். சம்பளத்தில் 1 சதவீதம் பிடித்து, முதலாளியும் 1 சதவீதம் போட்டுக் கட்டுகிற வேலையின்மைக் காப்பீடு நம் உரிமை, அதைக் கேட்டு வாங்க நம் பிள்ளைகள் ஏன் கூச்சப்பட வேண்டும்? தமிழ்ச் சங்கங்கள் கூடவே உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தை நிரப்ப உதவினால் பெரிய உபகாரம். சேனலை நான் விடப்போவதில்லை, அது வேறு விஷயம்.

ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்