பொருள்கள் திரும்பின, பதிவேடுகள் எப்போது?

ஆசிரியருக்கு,

கனடாவின் பழங்குடி மக்களுக்கு உரிய 62 பொருள்களை வத்திக்கான் திருப்பித் தந்த செய்தியைப் படித்தேன். 1925-இல் வத்திக்கானில் நடந்த மறைபரப்புக் கண்காட்சியோடு தொடர்புடைய பொருள்கள் அவை. நூறாண்டு கழித்தாவது வீடு திரும்பியது நல்லதே. ஆனால் அதே மக்களின் சுமார் 1,50,000 பிள்ளைகள், அரசும் திருச்சபைகளும் சேர்ந்து நடத்திய உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழியில் பேசியதற்கே அடி வாங்கினார்கள். அவர்களில் 4,000-க்கும் மேற்பட்டோர் இறந்தது பதிவாகியிருக்கிறது. பலர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று குடும்பத்தாருக்கு இன்றுவரை தெரியாது. போப் பிரான்சிஸ் 2022-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டார். சரி, அந்த மன்னிப்புக்குப் பின் முதலில் வந்திருக்க வேண்டியவை பிள்ளைகளைப் பற்றிய ஆவணங்கள் அல்லவா?

பழைய தாள்கள் அழிந்திருக்கும் என்ற சமாதானத்தை அப்படியே ஏற்க என்னால் முடியவில்லை. எங்கள் பங்குக் கோவிலின் திருமுழுக்குப் பதிவேட்டில் என் தாத்தாவின் பெயர், தேதி, ஞானப் பெற்றோர் எல்லாம் இன்றும் தெளிவாக இருக்கின்றன. பதிவேடுகளை இவ்வளவு கவனமாகக் காக்கத் தெரிந்தது கத்தோலிக்கத் திருச்சபை. அப்பள்ளிகளை நடத்திய துறவற சபைகள், ரோமில் உள்ள தங்கள் காப்பகங்கள் உட்பட, எல்லா ஏடுகளின் படிகளையும் அப்பள்ளிகளின் ஆவணங்களைக் காக்கும், கனடாவின் வின்னிபெக் நகரில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்திடம் காலக்கெடு வைத்து ஒப்படைக்குமாறு வத்திக்கான் ஆணையிட வேண்டும்.