கண்மாய் ஆட்டத்துக்கு முன்பணம் கட்டுன 412 பேருக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாத்துக்கும் வணக்கம்.

கண்மாய் ஆட்டம்ங்கிறது கண்மாய்த் தண்ணிய வச்சு விளையாடுற போர்டு கேம். சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி அதோட பெட்டி உங்க வீட்டுக்கு வந்துரும்னு போன மார்கழில சொல்லித்தான் உங்ககிட்ட ஆளுக்கு 1,400 ரூபா வாங்குனேன். மே 12ஆம் தேதி அழகர் ஆத்துல எறங்கிட்டு மலைக்குத் திரும்பியும் போயிட்டாரு, முழுப்பரீட்சை லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்து, ஆடி போயி ஆவணி போயி இப்ப தீபாவளியும் முடிஞ்சுருச்சு, இன்னும் ஒருத்தருக்குக்கூட பெட்டி வந்து சேரல. அதுல மூணு மாசம் நான் யாருக்கும் எந்தத் தகவலும் சொல்லல. ஒரு அக்கா நாலு தடவ கேட்டாங்க, 40 நாள் கழிச்சுத்தான் அவங்களுக்குப் பதில் சொன்னேன். பத்தாவது முடிச்ச மகளோட லீவுல உக்காந்து விளையாடணும்னு வாங்குனவங்க அவங்க. அந்த லீவு போனது போனதுதான், என்னால திருப்பித் தர முடியாது. அவங்ககிட்டயும் உங்க எல்லார்கிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கிறேன்.

என்ன ஆச்சுன்னு இப்ப முழுசா சொல்லிடுறேன்.

பங்குனில சிவகாசில ஒரு பிரஸ்ல 500 செட்டு அடிச்சோம். கார்டு, பெட்டி, ரூல் புத்தகம் எல்லாமே நல்லா வந்துச்சு, இன்னைக்கும் வீட்டு மச்சுல கட்டுக்கட்டா அடுக்கி இருக்கு. கெட்டுப்போனது போர்டு மட்டும்தான். 45க்கு 45 சென்டிமீட்டர், நாலா மடியுற போர்டு, உள்ள 2 மில்லிமீட்டர் கிரே போர்டு, மேல படம் அடிச்ச தாளை ஒட்டி மேட் லேமினேஷன். பின்பக்கம் ஒண்ணும் ஒட்டல, வெறும் அட்டை. பிரஸ்ல இருந்த அண்ணன் அன்னைக்கே சொன்னாரு, பின்னாடியும் ஒரு தாள் ஒட்டிரும்மா, இல்லைன்னா தூக்கும்னு. ஒரு போர்டுக்கு 22 ரூபா கூட ஆகும்னாரு, நான் 500ஆல பெருக்கிப் பாத்து, 11 ஆயிரம் ஆகுதே, அந்தக் காசுல கார்டை நல்ல தாள்ல போடலாம்னு வேணாம்னுட்டேன். அதனால பிரஸ் மேல எந்தக் குத்தமும் இல்ல, முடிவு என்னோடது.

தாள் பசைய உறிஞ்சி ஈரத்துல விரியும், காயும்போது சுருங்கும், சுருங்கும்போது அது ஒட்டியிருக்கிற அட்டையையும் சேத்து இழுக்கும். பின்பக்கமும் தாள் இருந்தா அது அந்தப் பக்கம் இழுக்கும், ரெண்டும் சரிக்குச் சரியா நிக்கும், போர்டு தட்டையா இருக்கும். எங்களுக்கு அப்படி இழுக்க ஒண்ணும் இல்ல. பிரஸ்ல பாரம் வச்சு அடுக்கியிருந்தப்ப ஒண்ணும் தெரியல, வீட்டுக்குக் கொண்டாந்து கட்டைப் பிரிச்சு ஒரு வாரத்துல நாலு ஓரமும் மேல எந்திரிச்சு, நடு பள்ளமாப் போயிருச்சு, சித்திரை வெயில் வேற. நானும் தம்பியும் அம்மாவும் அரிசி மூட்டைய வச்சோம், அம்மிக்கல்லை வச்சோம், பாரம் இருக்குற வரைக்கும் தட்டையா இருந்துச்சு, எடுத்து ரெண்டு நாள்ல பழையபடி தூக்கிருச்சு. கையாலயே பின்பக்கம் தாள் ஒட்டிப் பாப்போம்னு 30 போர்டு எடுத்தோம், அதுல 11 கொப்புளம் விட்டு வீணாப்போச்சு. மிச்ச 19ஐயும் உங்ககிட்ட காசுக்குக் குடுக்குற தரத்துல நான் பாக்கல.

பரவால்ல அப்படியே அனுப்பு, நாங்க புத்தகத்தை வச்சு அமுக்கிக்கிறோம்னு நெறைய பேரு பெரிய மனசோட சொன்னீங்க. அனுப்பாததுக்குக் காரணம் இருக்கு. இந்த ஆட்டத்துல தண்ணி எந்தக் கண்மாய்ல நிக்குதுங்கிறதுதான் ஆட்டமே. தண்ணிங்கிற நீல வில்லைய மேல் கண்மாய்ல வச்சா அது வழுக்கிக்கிட்டு நடுப்பள்ளத்துக்கு ஓடுது, நாலாவது சுத்துல யாரு மடையில எத்தனை தண்ணி இருந்துச்சுன்னு சண்டை வந்துருது. வீட்டுல ஆறு தடவ விளையாடிப் பாத்தோம், ஆறு தடவையும் பாதியில நின்னுச்சு.

உடனே மறுபடி அடிச்சிருக்கலாமேன்னா, கைல காசு இல்ல, காசைப் பொரட்டி எடுத்துக்கிட்டுப் போனப்ப பிரஸ்ல இடம் இல்ல. சிவகாசிக்கு ஒரு வருசக் கணக்கு இருக்கு. பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்கும் நோட்டு வேலை ஓடும். ஆடிப்பெருக்கு அன்னைக்கு அடுத்த வருசத்து காலண்டர் ஆல்பத்தை பூசை போட்டு வெளியிடுவாங்க, அன்னையில இருந்து மார்கழி வரைக்கும் ஊர்ல மெஷின் பூரா காலண்டர்தான். லட்சக்கணக்குல காலண்டர் அடிக்கிறவங்களுக்கு நடுவுல 500 போர்டுக்காக மெஷினை நிறுத்திக் குடுங்கன்னு கேக்குறது நியாயமில்லன்னு எனக்கே தெரியும். இன்னொண்ணு, இது ஐப்பசி. வறண்ட ஊருங்கிறதாலதான் தீப்பெட்டியும் அச்சும் அங்க வேர் பிடிச்சுச்சு, அந்த ஊர்லயே அடைமழைக் காலத்துல ஒட்டுன அட்டை சீக்கிரம் காயாது. ஈரத்தோட மடிச்சுப் பெட்டில போட்டா மறுபடி அதே கதைதான். ஒரு தடவ அவசரப்பட்டு உங்க காசைக் கெடுத்தாச்சு, ரெண்டாவது தடவ அதைச் செய்ய மாட்டேன்.

சீனாவுல அடிச்சா சல்லிசா நல்லா வரும்னு சில தம்பிங்க சொன்னீங்க. தரமா வரும், நான் மறுக்கல. ஆனா எனக்கு மெஷின் பக்கத்துல நிக்கணும், மொத போர்டை கைல வாங்கி ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டுத்தான் மிச்சத்தை ஓட்டச் சொல்லணும். சிவகாசின்னா காலைல பஸ் ஏறுனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம்.

காத்திருந்த இந்த மாசங்கள்ல ஆட்டத்துலயே ஒரு பெரிய தப்பு இருந்தது தெரிஞ்சுச்சு, அதைக் கட்டாயம் சொல்லணும். மேலூர் பக்கம் ஒரு ஊர்ல நீர்பாச்சியா, அதாவது வயலுக்குத் தண்ணி பாச்சுறவரா இருந்த ஐயா ஒருத்தர், வயசு எழுபத்தஞ்சுக்கு மேல, அவர் வீட்டுத் திண்ணையில போர்டை விரிச்சு விளையாடிக் காட்டுனோம். மழைக் கார்டு விழுகுறது, வரத்துக்கால்ல தண்ணி வர்றது, மடை தொறக்குறது எல்லாத்தையும் பாத்துத் தலையாட்டிக்கிட்டே இருந்தாரு. எங்க ரூல்ல, ரெண்டு நெல்லு குடுத்தா உங்க கலுங்கை, அதாவது கண்மாய் நெறைஞ்சா மிச்சத் தண்ணி வழியுற இடத்தை, ஒரு படி உசத்திக்கலாம், உங்க கண்மாய்ல தண்ணி கூட நிக்கும், கீழ் கண்மாய்க்கு வழியாது. அதைத் தம்பி செஞ்சு காட்டுனதும் அவரு கையை நீட்டி நிறுத்திட்டாரு. "கலுங்கை உசத்துறதுக்கு நீ யாரு? கீழூர்க்காரன் பாத்துக்கிட்டு இருப்பானா?" அப்படின்னாரு. அப்புறம் பொறுமையா சொன்னாரு. கலுங்கு மேல வரிசையா கல்லு நட்டு வச்சிருப்பாங்க, நல்லா மழை பெஞ்சு ஓஞ்ச காலத்துல அந்தக் கல்லுக்கு நடுவுல மண்ணும், புல்லோட பேத்த மண்கட்டியான புல்கரணையும் வச்சு அடைச்சு கொஞ்சம் தண்ணியக் கூடத் தேக்கிக்கலாம், ஆனா பெருமழை வந்தாலோ கீழூர்ல இருந்து ஆள் வந்து கேட்டாலோ அடைப்பை எடுத்துரணும், எடுக்கலன்னா கரையே ஒடைஞ்சு ரெண்டு ஊருக்கும் தண்ணி இல்லாமப் போயிரும்.

நாங்க ரெண்டு வருசமா கண்மாய் கண்மாய்னு பேசிக்கிட்டு, மேல இருக்குறவன் நெல்லு குடுத்தா கீழ இருக்குறவன் தண்ணிய நிறுத்தலாம்னு ஒரு ரூலை எழுதி வச்சிருக்கோம். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. மறுநாளே மாத்தியாச்சு. இப்ப கலுங்கை யாரும் உசத்த முடியாது. அடைப்பு வைக்கலாம், ஆனா கீழ் கண்மாய் ஆடுறவர் "தண்ணி விடு"ன்னு கார்டைப் போட்டா அந்தச் சுத்துலயே எடுக்கணும், அடைப்போட பெருமழைக் கார்டு வந்தா கரை போயிரும். விளையாடிப் பாத்தா ஆட்டம் மொத்தமும் வேற மாதிரி ஆயிருச்சு, மேல் கண்மாய் கெடைச்சவங்க அதுவரைக்கும் பேசாமயே ஜெயிச்சாங்க, இப்ப அவங்கதான் அதிகமா பேச வேண்டியிருக்கு. கடைசிச் சுத்து மீன்பிடித் திருவிழா அப்படியே இருக்கு, அதுல ஐயா ஒரு எழுத்தும் மாத்தச் சொல்லல. மீன் பிடிக்கிற கூடை போட்ட ஊத்தா கார்டைப் பாத்துட்டு மட்டும் அந்தப் படத்தை ரொம்ப நேரம் கைல வச்சிருந்தாரு. இதனால ஆறு கார்டு புதுசா அடிக்கணும், ரூல் புத்தகத்துல ஒரு தாள் மாத்தணும்.

முதல்ல ஆடுறவர் யாருன்னு காட்ட ஐயனார் குதிரை ஒண்ணு மண்ணுல தர்றேன்னு சொன்னேன்ல, அதை மதுரைக்குப் பக்கத்துல மண் பொம்மை செய்யுற விளாச்சேரில செய்றாங்க. சோதனைக்கு 20 குதிரையை கூரியர்ல எங்க வீட்டுக்கே அனுப்பிப் பாத்தோம், 7 குதிரைக்குக் கால் போயிருச்சு. அதனால இப்ப கால் தனியா இல்லாம பீடத்தோட ஒட்டுன மாதிரி வடிவம் மாத்தியிருக்கோம், அதுல இதுவரைக்கும் ஒண்ணும் ஒடையல. கொலு சீசன் முடிஞ்சு இப்ப அங்க கிறிஸ்துமஸ் குடில் பொம்மை வேலை நடக்குது, அது முடிஞ்சதும் நம்ம குதிரை.

இனி காசு. இது உங்க காசு, ஒவ்வொரு ரூபாயும் எங்க போச்சுன்னு தெரிஞ்சுக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு. வந்தது 5,76,800. படம் வரைஞ்சவருக்கும் டிசைனுக்கும் 70,000, முதல் அச்சு 2,35,000, அட்டை வெட்டுற டை செய்ய 16,000, மரக்காய்க்கும் மண் குதிரைக்கும் 62,000. காசைத் திருப்பிக் கேட்ட 19 பேருக்கு 26,600 குடுத்தாச்சு, ஒருத்தருக்கும் பாக்கி இல்ல. இப்ப பேங்க்ல இருக்குறது 1,67,200. இதுல கூரியருக்கு 47,000 கிட்ட எடுத்து வச்சிருக்கேன். வரி விசயம் ஒண்ணு இருக்கு. உங்ககிட்ட வாங்குனப்ப போர்டு கேமுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதம், அதையும் சேத்துத்தான் 1,400. செப்டம்பர் 22ல இருந்து அது 5 ஆயிருச்சு. பில்லு பெட்டி அனுப்பும்போதுதான் போடுவேங்கிறதால வரி 5தான் வரும், அப்ப ஒரு பெட்டிக்கு 87 ரூபா 50 பைசா மிஞ்சுது. அது என் காசு இல்ல, பெட்டி கெளம்புற அன்னைக்கு உங்க கணக்குக்கே வந்துரும். அதே நாள்ல இருந்து அட்டைக்கும் தாளுக்கும் 12ல இருந்து 18 ஆயிருச்சு, எங்கள மாதிரி சின்ன ஆளுங்களுக்கு இது கஷ்டம்தான், ஆனா அதை உங்க தலையில வைக்க மாட்டேன். புது போர்டு ரெண்டு பக்கமும் தாள் ஒட்டி 75,000, ஆறு கார்டும் புத்தகத் தாளும் 9,000. கட்ட வேண்டிய வரி, உங்களுக்குத் திரும்ப வர்ற காசு எல்லாத்தையும் சேத்துக் கூட்டிக் கழிச்சா 23 ஆயிரம் பத்தல, அதை நான் போடுறேன். உங்ககிட்ட இன்னொரு பைசா கேக்க மாட்டேன், புது ஆட்டம்னு சொல்லி முன்பணமும் வாங்க மாட்டேன், இந்தப் பெட்டி அத்தனையும் போய்ச் சேர்ற வரைக்கும்.

தைப் பொங்கல் முடிஞ்சதும் பிரஸ்ல தேதி குடுத்திருக்காங்க, முன்பணம் கட்டி ரசீது வாங்கியாச்சு. மொதல்ல 10 போர்டு மட்டும் அடிச்சு, வீட்டுல ரெண்டு வாரம் வெயில்லயும் நெழல்லயும் மாத்தி மாத்தி வச்சுப் பாப்போம். தட்டையா நின்னா மிச்சத்தை ஓட்டுவோம், மாசி கடைசிக்குள்ள பெட்டி கெளம்பிரும். நிக்கலன்னா அன்னைக்கே உங்களுக்குச் சொல்லுவேன். இனிமே மாசம் ஒண்ணாம் தேதி ஒரு மடல் வரும், சொல்ல ஒண்ணும் இல்லாட்டியும் ஒண்ணும் இல்லன்னு சொல்லி வரும். நான் மறந்தாலும் தம்பி அனுப்பிருவான், அவன்கிட்ட பொறுப்பைக் குடுத்தாச்சு.

காசு திரும்ப வேணும்ங்கிறவங்க கேளுங்க, ஏன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டேன், ஏழு நாளுக்குள்ள முழு 1,400ம் வந்துரும். அப்புறம் பெட்டி வந்தப்ப வேணும்னு தோணுனா அதே விலைக்கு உங்களுக்கு ஒண்ணு எடுத்து வச்சிருப்பேன்.

காத்திருக்கோம்ங்கிறவங்களுக்கு இந்த மடலோட போர்டு படத்தை முழு அளவுல பி.டி.எஃப்பா அனுப்புறேன், கார்டும் மாத்துன ரூலும் சேந்து. உங்க ஊர் ஃப்ளெக்ஸ் கடையில குடுத்தா ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அடிச்சுக் குடுத்துருவாங்க, தரையில விரிச்சா அசையாம கெடக்கும். தண்ணிக்குப் புளியங்கொட்டை, நெல்லுக்குச் சோழி, பல்லாங்குழி வச்சிருக்கிற வீட்டுல ரெண்டும் இருக்கும். ஒவ்வொரு கண்மாய்க்கும் 12 கொட்டை வேணும், மொத்தம் 48. அரையாண்டு லீவுலயாவது பிள்ளைங்களோட விளையாட முடியும்ல. விளையாடிட்டு அடைப்பு ரூல் எப்படி இருக்குன்னு சொல்லுங்க, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கேட்டாத்தான் மாத்த முடியும், மார்கழி கடைசி வரைக்கும் நேரம் இருக்கு.

வீடு மாறுனவங்க புது விலாசத்தைப் பின்கோடோட அனுப்பிருங்க. மதுரைல இருக்குறவங்க நேர்லயும் வரலாம், கார்த்திகை மாசம் எல்லா ஞாயித்துக்கெழமையும் சாயங்காலம் நாலு மணிக்கு மாடக்குளம் கண்மாய்க்கரையில விரிச்சு உக்காந்திருப்போம், வளைஞ்ச போர்டையும் கொண்டாந்து வைக்கிறேன், நீங்களே கைல எடுத்துப் பாருங்க. மழை பெஞ்சா எங்க வீட்டுத் திண்ணையில.

இப்படிக்கு,
கண்மாய் ஆட்டம் செய்யுற உங்க தங்கச்சி,
மாடக்குளம், மதுரை.