டரன்டுலா வாங்குவது, விற்பது பற்றி

வணக்கம் நண்பர்களே. குழுவில் வந்த டரன்டுலா (உடலெங்கும் மயிர் உள்ள பெரிய சிலந்தி) விற்பனைப் பதிவை நீக்கிவிட்டோம். காரணம் இதுதான்.

படத்தில் இருந்தது பொயிசிலோதீரியா வகை. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வாழும் மரச் சிலந்தி. இந்தப் பேரினம் முழுவதும் 2019-இல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும்) ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. அனுமதிச் சான்று இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் சைட்டிஸ் உயிரினங்களை நான்காம் அட்டவணையில் கொண்டுவந்தது. அதனால் வீட்டில் வைத்திருப்பதையும், கைமாற்றுவதையும், குஞ்சு பொரிப்பதையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யவேண்டும். இதற்கான விதிகள் 2024-இல் வந்தன. "வீட்டில் பிறந்த குஞ்சுதானே" என்று சொல்லித் தப்ப முடியாது.

நம்ம ராமேஸ்வரத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே கோயில் தோப்பு மரப் பொந்துகளில் கண்டறியப்பட்ட ஹனுமவிலாசுமிகா என்ற இனம் மிக அருகிய நிலையில் இருக்கிறது. ஆந்திராவின் நந்தியால் பக்கத்துக் காட்டில் வாழும் நீலச் சிலந்தியின் கதையும் அதேதான். பெண் சிலந்தி பல வருடம் வாழும், மெதுவாகத்தான் பருவமடையும். ஒரு மரத்திலிருந்து தாயைப் பிடித்துப் போனால் அந்த இழப்பு லேசில் ஈடாகாது.

அப்புறம், காட்டில் பிடித்ததை யாராவது விற்க வந்தால் விலை பேசாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஏற்கெனவே வளர்ப்பவர்கள் வாங்கிய ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எங்களுக்குத் தனியாக எழுதுங்கள், பதிவு செய்ய உதவுகிறோம். பயந்துபோய் வெளியே மட்டும் விட்டுவிடாதீர்கள்.

— குழு நிர்வாகிகள்