மகள்களுக்குச் சொன்னதை அம்மாக்களுக்கும் சொல்கிறேன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சென்ற வாரம் 11, 12ஆம் வகுப்பு மாணவிகளுக்கு மார்பகப் புற்றுநோய் பற்றி ஒரு வகுப்பு நடத்தினோம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து பெண் மருத்துவரும் செவிலியரும் வந்திருந்தார்கள். ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டு, ஆசிரியைகள் மட்டும் உடனிருக்க, ரப்பர் பொம்மையை வைத்து விளக்கினார்கள். எந்தப் பிள்ளையையும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. கேள்வி கேட்கக் கூச்சப்பட்டவர்கள் துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தார்கள்.

அன்று மாலையே சில வீடுகளிலிருந்து போன் வந்தது. “என் மகளுக்கு ஏதாவது இருக்கிறதா டீச்சர்?” என்று பதறினார்கள் சில அம்மாக்கள். “வயசுப் பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சா இது?” என்று கோபப்பட்டார்கள் சில அப்பாக்கள். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. அதனால் எல்லா வீட்டுக்கும் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். வீட்டில் அம்மாவுக்கோ அப்பத்தாவுக்கோ வாசிக்கத் தெரியாவிட்டால் மகளே சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

முதலில் பயப்பட்டவர்களுக்கு. 15, 16, 17 வயதுப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது மிக மிக அபூர்வம். அந்த வயதில் மார்பில் கட்டி தட்டுப்பட்டால் பெரும்பாலும் அது ‘ஃபைப்ரோஅடினோமா’ என்ற சாதாரணக் கட்டியாக இருக்கும். உருண்டையாக, வழுவழுப்பாக, விரலால் தொட்டால் நழுவி ஓடும். வலிக்காது. புற்றுநோய் இல்லை. ஆனாலும் மருத்துவரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். நாமே ‘இது அதுதான்’ என்று முடிவு கட்டக் கூடாது. இந்த வயதில் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கச் சொல்ல மாட்டார்கள். இளம்பெண்களின் மார்புத் திசு நெருக்கமாக இருப்பதால் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துண்டுச் சீட்டுகளில் அதிகம் வந்த கேள்வி இதுதான். ஒரு பக்கம் பெரிதாகவும் மறு பக்கம் சிறிதாகவும் இருப்பது நோய் இல்லை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கனத்து வலிப்பதும் நோய் இல்லை. வீட்டில் 9, 10 வயதில் தங்கை இருந்தால், காம்புக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் சின்னக் கட்டி போலத் தோன்றலாம். வளர்ச்சி அப்படித்தான் தொடங்கும். அதைப் போட்டு அமுக்குவதோ, கத்தி வைத்து எடுக்கச் சொல்வதோ கூடவே கூடாது. எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் பிறகு வளராமலே போய்விடும். பிள்ளைகள் இதையெல்லாம் எத்தனை நாள் மனதுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார்கள் என்று அந்தச் சீட்டுகளைப் படித்தபோதுதான் தெரிந்தது. “எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது?” என்று எழுதியிருந்த ஒரு சீட்டை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சரி, இந்த வயதில் பெரும்பாலும் வராத நோயைப் பற்றி இந்த வயதில் ஏன் சொல்ல வேண்டும்?

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். 2022இல் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இது வந்தது. அதே ஆண்டில் சுமார் 98,000 பேர் இதனால் இறந்தார்கள். மேலைநாடுகளைவிட நம் நாட்டில் ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே, 40களிலும் 50களிலுமே அதிகம் பேருக்கு வருகிறது. உங்கள் மகளுக்கு 16 வயது என்றால் உங்களுக்கு 38, 40, 42 இருக்கும். வீட்டில் யாருக்கு இந்தத் தகவல் உடனே தேவை என்று பார்த்தால், அது அம்மாவுக்கு, அத்தைக்கு, பெரியம்மாவுக்கு. ஆனால் அவர்களை ஒரு இடத்தில் உட்கார வைத்துப் பேசுவது லேசில்லை. களை எடுக்கப் போய்விடுவார்கள், நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார்கள், வீட்டில் இருந்தால் அடுப்படியை விட்டு நகர மாட்டார்கள். மகள் போய்ச் சொன்னால் கேட்பார்கள் என்று நம்பித்தான் மகளிடம் சொன்னோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் படித்த ஒரு பெண்ணின் அம்மா பூ வியாபாரம் செய்தவர். விடியுமுன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய், எட்டு மணிக்குள் பூவோடு ஊர் திரும்பிவிடுவார். குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டிருக்கிறது. ஓராண்டுக்கு மேல் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். விஷயம் வெளியே தெரிந்தால் சம்பந்தம் கூடி வராது என்ற பயம். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. அதற்குள் கட்டி புண்ணாகி, துணியில் கறை படியத் தொடங்கிவிட்டது. அதன் பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். நான் பார்க்கப் போனபோது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: “வலிக்கவே இல்லையே டீச்சர், வலிச்சிருந்தா அன்னைக்கே போயிருப்பேன்.” இளைய மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதியபோது அம்மா உயிரோடு இல்லை.

அந்த ‘வலிக்கவே இல்லை’ என்பதைத்தான் உங்கள் மகள்களின் மனதில் பதிய வைக்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டேன். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத கட்டி என்றாலும் சீக்கிரம் போக வேண்டும்.

கட்டி மட்டுமே அறிகுறியும் இல்லை. மார்பின் தோல் ஓரிடத்தில் உள்ளே இழுத்துக் குழி விழலாம். ஆரஞ்சுப் பழத் தோல் போலத் தடித்துப் புள்ளி புள்ளியாகலாம். நன்றாக இருந்த காம்பு புதிதாக உள்ளே திரும்பலாம், காம்பைச் சுற்றி ஆறாத சொறி வரலாம், ரத்தம் கலந்த நீர் கசியலாம். அக்குளில் நெறி கட்டி இறங்காமல் இருக்கலாம். பால் கொடுக்கும் தாய்மார்கள் ‘பால் கட்டியிருக்கிறது’ என்று நாள் கடத்தக் கூடாது. சில நாளில் கரையாவிட்டால் காட்டிவிட வேண்டும்.

சுயபரிசோதனை என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். மாதவிடாய் முடிந்து சில நாள் கழித்து, வீக்கமும் வலியும் அடங்கியிருக்கும்போது பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களும் கர்ப்பப்பையை எடுத்தவர்களும் மாதத்தின் முதல் தேதி என்று ஏதாவது ஒரு நாளை வைத்துக்கொள்ளலாம். முதலில் கண்ணாடி முன்னால் கைகளைத் தொங்கவிட்டு, பிறகு தலைக்கு மேல் தூக்கி, பிறகு இடுப்பில் ஊன்றிக்கொண்டு, தோலிலும் அமைப்பிலும் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம் மல்லாந்து படுத்து, தோளுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்து, எதிர்க் கையின் நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியால் சின்னச் சின்ன வட்டமாகத் தடவுவது. நுனி விரலால் குத்தக் கூடாது, சதையைக் கொத்தாகப் பிடித்துப் பார்க்கவும் கூடாது. அப்படிப் பிடித்தால் எல்லாமே கட்டியாகத்தான் தெரியும். முதலில் மெல்ல, பிறகு கொஞ்சம் அழுத்தி, பிறகு விலா எலும்பு படும் அளவுக்கு. காறை எலும்பிலிருந்து மார்புக்குக் கீழ்வரை, நெஞ்சு நடுவிலிருந்து அக்குள்வரை. அக்குள் பக்கத்து மேல்பகுதியை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள், கட்டிகள் அதிகம் வரும் இடம் அதுதான். குளிக்கும்போது சோப்புக் கையோடு பார்த்தாலும் சரி.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சீனாவில் ஷாங்காய் நகரத்து ஆலைகளில் வேலை பார்த்த 2,60,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2002இல் அதன் முடிவு வெளியானது. சுயபரிசோதனை கற்றுக்கொண்டவர்களிடையே இறப்பு குறையவில்லை என்றும், சாதாரணக் கட்டிகளுக்காகத் திசு எடுத்துப் பரிசோதனை செய்துகொண்டவர்கள்தான் அதிகமானார்கள் என்றும் தெரிந்தது. ஆகவே கையால் தடவிப் பார்த்தால் போதும், ஆபத்து இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாதா மாதம் விடாமல் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தவும் வேண்டாம். தன் உடம்பு எப்போதும் எப்படி இருக்கும் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிந்திருந்தால், புதிதாக ஒன்று வந்தால் அவளுக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்ததைக் கூச்சப்படாமல் சொல்ல ஒரு ஆள் வேண்டும். சொன்னதும் தாமதிக்காமல் கூட்டிப் போக ஒரு ஆள் வேண்டும். பள்ளியால் முதலாவதைக் கற்றுக்கொடுக்க முடியும். மற்ற இரண்டும் உங்கள் வீட்டில்தான் இருக்கின்றன.

30 வயதைத் தாண்டிய பெண்களுக்குச் சுயபரிசோதனையோடு முடியாது. பயிற்சி பெற்ற செவிலியரோ மருத்துவரோ கையால் பார்க்கும் பரிசோதனை வேண்டும். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டு கவனித்துச் செய்த ஆய்வில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப் பார்த்ததால், 50 வயதைக் கடந்த பெண்களிடையே இந்நோயால் வரும் இறப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. பெரிய மெஷின் எதுவும் இல்லை, பழகிய கைதான். இந்தப் பரிசோதனையை நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காசில்லாமல் செய்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 104க்கு போன் செய்யுங்கள்.

“கண்டுபிடித்துவிட்டால் மட்டும் காசுக்கு எங்கே போவது?” என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மதுரையில் ராஜாஜி அரசு மருத்துவமனை இருக்கிறது. அதன் கீழ் பாலரங்காபுரத்தில் புற்றுநோய்க்கென்றே தனி மையம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை எடுக்காதவர்கள் ரேஷன் கார்டோடும் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்றோடும் போய் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோய் வந்த பிறகு அலைவது பெரும்பாடு.

வதந்திகளையும் பிள்ளைகள் கேட்டார்கள். கறுப்பு உள்ளாடை போடுவதால் இந்நோய் வராது, இறுக்கமாகப் போடுவதாலும் வராது. அடிபடுவதாலும் வராது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அம்மாவுக்கு வந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்பதும் சரியில்லை. 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரை காரணமாக இருக்கிறது. அம்மாவுக்கோ சித்திக்கோ இளவயதில் வந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லி வைக்க வேண்டும். அப்பா வழிச் சொந்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊசி குத்திப் பார்த்தால் நோய் பரவிவிடும் என்று ஊரில் சொல்லும் பேச்சை மட்டும் தயவுசெய்து நம்ப வேண்டாம். அந்தப் பேச்சால் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். கட்டிக்குப் பற்றுப் போட்டு, பச்சிலை வைத்துக் கட்டி, மாதக்கணக்கில் காத்திருப்பதும் அப்படித்தான்.

கோபப்பட்ட அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம்தான் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணம். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் பெண் பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பியதையே ஊர் ஏசியது. அனுப்பத் துணிந்தவர் அவருடைய அப்பா. உங்கள் மகள் நாளைக்கு “அப்பா, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகணும்” என்று சொன்னால், ஏன், எதற்கு என்று அவள் வாயை அடைக்காதீர்கள். வண்டியை எடுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அதே செவிலியர் மீண்டும் வருகிறார். 30 வயதுக்கு மேற்பட்ட அம்மாக்கள், அத்தைகள், அப்பத்தாக்கள், அம்மாச்சிகள் யார் வேண்டுமானாலும் வரலாம், நம் பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும் என்பதில்லை. நூலக அறையில் திரை கட்டித் தனித்தனியாகப் பார்ப்பார்கள். அம்மா இல்லாத பிள்ளைகளுக்காக வகுப்பாசிரியைகள் அன்று கூடவே இருப்பார்கள். அப்பாக்களுக்குக் காப்பீட்டு அட்டை பற்றிச் சொல்ல வெளியே மரத்தடியில் ஆள் இருக்கும். அன்று வர முடியாதவர்கள் கீழே எழுதி அனுப்பினால், சுகாதார நிலையத்தில் வேறு நாள் கேட்டு வாங்கித் தருகிறேன். இப்படி வகுப்பு நடத்துவதில் இன்னும் மனக்குறை உள்ளவர்கள் மாலை 4 மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கடிதத்தின் அடியில் எழுதி, கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள் மகளிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை