ரிங் மாற்ற ஏன் மூன்று நாள்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சித்திரைத் திருவிழா முடிந்து கண்மாய்கள் காய்ந்து கிடக்கும் நாட்களில், மண்ணில் ஓடிய வண்டிகள் எங்கள் பட்டறையில் வரிசையாக வந்து நிற்கும். எக்ஸ்பல்ஸ், இம்பல்ஸ், பட்டன் டயர் போட்ட ஆர்எக்ஸ் 100. பிக்கப் இல்லை, ஆயில் குடிக்கிறது, கிக்கரை மிதித்தால் காலுக்குப் பலமே தெரியவில்லை என்பார்கள். இன்ஜினைப் பிரித்து ரிங்கை, அதாவது பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கிற, ஓரிடத்தில் வெட்டுள்ள வளையத்தை மாற்ற வேண்டும் என்றதும், "ரிங் மட்டும்தானண்ணே, சாயங்காலம் குடுத்துருவீங்களா?" என்று கேட்பார்கள். மூன்று நாள் ஆகும் என்றால் முகம் வாடிவிடும். அந்த மூன்று நாளும் உங்கள் வண்டிக்கு என்ன நடக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ளவே இந்த மடல்.

முதலில், கோளாறு ரிங்கில்தானா என்று பார்ப்போம். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் மாட்டி அளப்போம். பிறகு அந்தத் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்போம். அளவு ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வையும் ஹெட் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும். அங்கே ரிங் மாற்றினால் உங்கள் காசுதான் வீண்.

அடுத்து பிளாக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் உள்விட்டம் பார்க்கும் போர் கேஜ் வைத்து அளக்கிறோம். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணோ திருமங்கலத்துக் கரிசல் தூசியோ, ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போய்விட்டால் ஆயிலோடு சேர்ந்து சாணைக்கல் மாதிரி அரைக்கும். பிஸ்டன் மேலே வந்து திரும்புகிற இடத்தில்தான் தேய்மானம் அதிகம். சிலிண்டர் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தால், வட்டமான புது ரிங் அதில் எப்படி ஒட்டும்? அப்போது 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கி, அதற்கேற்ப சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி ரீபோர் செய்யத்தான் வேண்டும். உள்சுவரில் நிக்கசில் என்ற கடினமான நிக்கல் பூச்சு உள்ள பிளாக்குக்கு இந்த வழி ஒத்துவராது. பூச்சு போயிருந்தால் மறுபடி பூச வேண்டும், இல்லையென்றால் பிளாக்கையே மாற்ற வேண்டும்.

அளவு சரியாக இருந்தால், சாணைக்கல்லால் உள்சுவரைத் தேய்க்கும் ஹோனிங் போதும். சிலிண்டர் சுவரில் குறுக்கும் மறுக்குமாக மெல்லிய கோடுகள் விழும். ஆயில் தங்குவதும் புது ரிங் பதிவதும் அந்தக் கோடுகளால்தான். ஹோனிங் முடிந்ததும் பெட்ரோலில் துடைத்துவிட்டால் போதாது. கோடுகளுக்குள் மாட்டிய கல்தூள் அப்படியே இருக்கும். வெந்நீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டாமல் போகும் வரை கழுவி, உடனே ஆயில் தடவி வைக்கிறோம்.

அப்புறம்தான் ரிங். பட்டறை தொடங்கிய புதிதில் ஒரு ஆர்எக்ஸ் 100க்கு, டப்பாவில் வந்த ரிங்கை அளக்காமல் அப்படியே போட்டுவிட்டேன். அழகர்கோவில் சாலையில் கள்ளந்திரி வருவதற்குள் வண்டி ஜாம் ஆகி நின்றது. சூட்டில் விரிந்த ரிங்கின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று முட்டி, பிளாக் முழுக்கக் கீறல். அந்தத் தம்பிக்கு எங்கள் செலவிலேயே ரீபோர் செய்து கொடுத்தோம். அன்றிலிருந்து அளக்காமல் ஒரு ரிங்கும் இங்கே ஏறியதில்லை.

ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்ப்போம். விட்டத்தில் ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் சுமார் 0.1 மி.மீ. என்பது பட்டறை மனக்கணக்கு, 66.5 மி.மீ. விட்டமுள்ள எக்ஸ்பல்ஸ் 200க்கு 0.25 மி.மீ.யை ஒட்டி வரும். ஆனால் கம்பெனி மேனுவல் சொல்லும் எண்தான் எங்களுக்கு முடிவு. ஓடிய சிலிண்டரில் மேலே வைத்து அளந்தால் இடைவெளி பெரிதாகக் காட்டும். தேயாத கீழ்ப்பகுதியில் வைத்தால்தான் முனைகள் முட்டுமா என்பது தெரியும். இடைவெளி குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவுவோம். கூடுதலாக இருந்தால் அந்த ரிங் வேண்டாம்.

மாட்டுவதிலும் கவனம் வேண்டும். எழுத்துக் குறி உள்ள பக்கம் மேலே வர வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஆயில் ரிங்கின் நடுவே உள்ள ஸ்பிரிங் பட்டையின் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டால், புது ரிங் போட்டும் வண்டி புகை தள்ளும். ரிங்குகளின் வாய்கள், அதாவது முனைகளின் இடைவெளிகள், ஒரே நேராக வராதபடி தள்ளித் தள்ளி வைக்கிறோம். டூ ஸ்ட்ரோக்கில் இது நம் விருப்பம் கிடையாது. பிஸ்டன் காடியில் ஒரு சின்ன பின் இருக்கும், ரிங்கின் வாய் அதில்தான் உட்கார வேண்டும். விலகினால் முனை, சிலிண்டர் சுவரில் வாயு போய்வரும் துளையான போர்ட்டில் மாட்டி உடையும்.

இனி உங்கள் பங்கு. புது ரிங் என்றால் பொத்திப் பொத்தி ஓட்ட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். முழு ஆக்ஸிலரேட்டர் கூடாது என்பது சரி. ஆனால் எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து தள்ளுவதால்தான் ரிங் சுவரில் நன்றாகப் பதிகிறது. ஐடிலிங்கில் நெடுநேரம் விட்டால் அந்த அழுத்தம் கிடைக்காது, சுவர் பளபளப்பாகிவிடும். இன்ஜின் சூடானதும், காலையில் காலியாக இருக்கிற சாலையில், மூன்றாவது கியரில் பாதி ஆக்ஸிலரேட்டர் வரை கொடுத்து, விட்டு, மறுபடி கொடுங்கள். ஒரே வேகத்தில் நெடுந்தூரம் போகாதீர்கள்.

500 கி.மீ. வரை கண்மாய்க்கும் குவாரிப் பாதைக்கும் போக வேண்டாம். ஏர் ஃபில்டரைச் சரிபார்த்து, ஃபோம் வகை என்றால் சுத்தம் செய்து ஆயில் போட்டு மாட்டித்தான் தருகிறோம்; மண்ணில் ஓட்டிய ஒவ்வொரு நாளும் அதைக் கழற்றிப் பாருங்கள். 500 கி.மீ. ஆனதும் வண்டியைக் கொண்டு வாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே கம்ப்ரஷனை அளந்து, முதல் நாள் குறித்து வைத்த எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டுகிறோம். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் அன்றே இன்ஜின் ஆயிலையும் மாற்றிவிடலாம். கழற்றிய பழைய ரிங்குகள் உங்கள் பெயர் எழுதிய கவரில் அதுவரை இங்கேயே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் பட்டறையினர்,
மதுரை