அந்த எர்த் பின்னைத் திரும்ப மாட்டு

சேலம், அம்மாப்பேட்டை

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. அங்கே காப்பி பூத்துவிட்டது என்கிறாய், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பெரியவளுக்கு வரன் கூடி வருகிறது, அதை நேரில் சொல்கிறேன்.

உன் ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று இரைந்ததாம், எலக்ட்ரீஷியன் அதன் பிளக்கிலிருந்து எர்த் பின்னைக் கழற்றியதும் நின்றதாம். நிற்கத்தான் செய்யும். முதலில் அதைத் திரும்ப மாட்டிவிட்டு மேலே படி.

போன மாதம் எனக்கும் இதே கூத்து. செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் கொடுத்தேன், பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல். கண்டன்சர் போயிருக்கும் என்று இரண்டை மாற்றினேன். தண்டச் செலவு. கடைசியில், டிவிக்கு வரும் கேபிளைப் பிடுங்கினேன். கப்சிப். கேபிளின் வெளிப்பின்னலில் மீட்டரின் ஒரு முனை, ஆம்ப்ளிஃபயர் பாடியில் மறுமுனை வைத்தால் ஏசி 3 வோல்ட் காட்டியது!

கேபிளுக்குத் தெருவில் எங்கோ ஓர் எர்த், ஆம்ப்ளிஃபயருக்கு வீட்டு எர்த். இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. அந்த வித்தியாசம் ஆடியோ ஒயரின் ஷீல்டு, அதாவது அதன் வெளிப்பின்னல் வழியே கரன்டாக ஓடுகிறது. பாட்டு திரும்பும் வழியும் அதே ஷீல்டுதானே, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் கூடவே உள்ளே வந்துவிடுகிறது. ஒயரின் நடுவே சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டேன், தீர்ந்தது. பாட்டு காந்தவழியில் தாண்டும், எர்த் கரன்ட் தாண்டாது.

நீ கம்ப்யூட்டரை ஒரு ரூமிலும் ஆம்ப்ளிஃபயரை இன்னொரு ரூமிலும் செருகியிருப்பாய், உன் வழக்கம் தெரியாதா. இரண்டையும் ஒரே போர்டில் செருகிப் பார், பாதிக்குப் பாதி அதிலேயே போய்விடும்.

பின்னை ஏன் கழற்றக் கூடாது என்றால், 1994 ஆடியில் எங்கள் தெருவில் போட்ட மைக் செட்டில் நானும் அதைத்தான் செய்தேன். இரைச்சல் நின்றது, எல்லோரும் தோளைத் தட்டினார்கள். ராத்திரி ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் கரன்ட் லீக் ஆகி, மைக்கைப் பிடித்த பையன் ஈரக் காலோடு அப்படியே விறைத்தான். யாரோ மெயினை அணைத்ததால் பிழைத்தான். எர்த் இருந்திருந்தால் ஃபியூஸ்தான் போயிருக்கும். அவன் முகம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை.

உன் எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்று. காய்ந்த மண்ணில் எர்த் பேருக்குத்தான்.

ஞாயிறு காலை மீட்டரோடு வருகிறேன். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவும் இந்த வயதில் வயிற்றைப் புரட்டும், வந்ததும் சுக்குக் காப்பி வேண்டும். தட்டுவடை நான் வாங்கி வருகிறேன், சட்னியும் காரட்டும் பீட்ரூட்டும் தயாராக வை.

உன்,
ராஜு