ஆட்சேபக் குறிப்புக்குப் பதில் வந்ததா? மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலேசிய மக்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கெடா, பாடாங் செராயிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்திலிருந்து உங்களுக்கு மனு வந்தால் கோவில் நிலம், தமிழ்ப்பள்ளிக் கட்டடம், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு வீடு என்றுதான் இருக்கும். அவையெல்லாம் இன்னும் முடிந்தபாடில்லை, அதற்கு வேறு கடிதம் எழுதுகிறேன். இது வெளியுறவு பற்றியது. தோட்டத்துக்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்பவர்கள், பட்டர்வொர்த் விமானப்படைத் தளம் எங்கள் ஊருக்கு எவ்வளவு பக்கம் என்று வரைபடத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

2013 அக்டோபர் கடைசியில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்க உளவு அமைப்பில் ஒப்பந்த ஊழியராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களையொட்டி ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் எழுதின: கோலாலம்பூர் உட்பட ஆசியத் தலைநகரங்கள் பலவற்றில் இருக்கும் தங்கள் நாட்டுத் தூதரகங்களிலிருந்தே ஒட்டுக்கேட்பு நடக்கிறது என்று. நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ரா அமெரிக்க, ஆஸ்திரேலியத் தூதரகத் தலைவர்களைக் கூப்பிட்டு ஆட்சேபம் தெரிவித்தது. நவம்பர் கடைசியில், கடலடித் தொலைத்தொடர்புக் கேபிள்களை ஒட்டுக்கேட்கச் சிங்கப்பூர் உதவியதாகச் செய்தி வெடித்தது, சிங்கப்பூர்த் தூதரும் அழைக்கப்பட்டார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2010 டிசம்பரில், விக்கிலீக்ஸ் மூலம் கசிந்த அமெரிக்கத் தூதரக ஆவணங்களில் சிங்கப்பூர் அதிகாரிகள் நம்மைப் பற்றிப் பேசியது அம்பலமானபோதும் இதே அழைப்பு, இதே கண்டனம்.

சரி, அப்புறம்? ஆட்சேபக் குறிப்புக்கு அந்த நாடுகள் என்ன பதில் சொல்லின? அழைத்த செய்தி முதல் பக்கத்தில் வந்தது. பதில் எங்கள் கண்ணில் படவேயில்லை.

இந்தோனேசியா என்ன செய்தது என்று பாருங்கள். 2013 நவம்பர் 18ஆம் தேதி, 2009இல் அதிபர் சுசிலோ பம்பாங் யுதோயோனோவின் கைப்பேசியையும் அவர் மனைவியின் கைப்பேசியையும் ஆஸ்திரேலிய உளவுத்துறை குறிவைத்த செய்தி வந்தது. எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் அன்று குலை வெட்டிவிட்டு வந்த இந்தோனேசியத் தொழிலாளர்கள் தேநீரைக்கூடத் தொடாமல் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் பந்து விளையாட்டுக்கு மாற்றச் சொன்னபோது கடைக்காரர் மாற்றவில்லை. ஜாகர்த்தா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. கூட்டு ராணுவப் பயிற்சி, உளவுத் தகவல் பரிமாற்றம், ஆள் கடத்தல் படகுகளைத் தடுக்கும் கூட்டுக் கண்காணிப்பு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தது. ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி எபோட் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனாலும் 2014 மே மாதம்தான் தூதர் கன்பெராவுக்குத் திரும்பினார். அந்த ஆகஸ்டில் பாலியில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும், உளவு வளங்களை ஒருவர் நலனுக்கு எதிராக மற்றவர் பயன்படுத்துவதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதத்தால் ஒட்டுக்கேட்பு அடியோடு நின்றுவிட்டது என்று நம்பும் அளவுக்கு நான் சின்னப் பிள்ளை இல்லை. நட்பு நாடுகள் ஒன்றையொன்று உளவு பார்ப்பது ஊரறிந்த விஷயம், நாமும் பார்க்காமலா இருப்போம்? ஆனால் அந்த நாட்டு மக்களுக்கு, தங்கள் அரசாங்கம் எதைக் கேட்டது, எது கிடைத்தது என்றாவது தெரியும்.

நம் நிலைமை அவர்களுடையதைவிட நெருக்கமானது. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் 1971இல் செய்துகொண்ட தற்காப்பு ஏற்பாட்டின் வான் பாதுகாப்புத் தலைமையகம் பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறது. அதன் தளபதி ஓர் ஆஸ்திரேலிய விமானப்படை அதிகாரி. 1970இலிருந்து ஆஸ்திரேலியக் காலாட்படைப் பிரிவொன்று முறைவைத்து அங்கே வந்துபோகிறது. அவர்களுடைய ரோந்து விமானங்களும் அங்கிருந்து புறப்படுகின்றன. இவ்வளவு இருந்தும், நம்மை யாராவது தாக்கினால் ஐவரும் கலந்துபேச வேண்டும் என்பதற்கு மேல் அந்த ஏற்பாடு யாரையும் கட்டுப்படுத்துவதில்லை.

என் பெரியப்பா ஒருவர் அந்தத் தளத்தில் புல் வெட்டினார். தினமும் காலையில் வாசலில் பாஸைக் காட்டிவிட்டு, தூக்குச்சட்டியின் ஒவ்வொரு அடுக்கையும் திறந்து காட்ட வேண்டும். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய். காவலர் குழம்பு வாசனைக்கு முகத்தைச் சுளித்துவிட்டு உள்ளே விடுவாராம். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததில்லை. தளம் என்றால் சோதனை இருக்கத்தான் செய்யும். புல் வெட்டுகிறவரின் குழம்பு வரை திறந்து பார்த்த இடத்தில், நட்பு நாட்டுக்காரரின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்க நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

கேட்டால் கூட்டணி கெட்டுவிடும் என்பது ஒரு வாதம். 2023 ஏப்ரலில் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சின் ரகசிய ஆவணங்கள் கசிந்தபோது தென்கொரியா அந்த வழியில்தான் போனது. அமெரிக்காவுக்கு விற்கும் பீரங்கிக் குண்டுகள் உக்ரைனுக்குப் போய்விடுமோ என்று தங்கள் அதிபரின் பாதுகாப்பு அதிகாரிகள் பேசிக்கொண்டதே அந்த ஆவணங்களில் இருந்தது. சியோல், பெரும்பகுதி புனையப்பட்டது என்று சொல்லிக் கடந்துவிட்டது. அந்த மாதக் கடைசியில் அதிபர் யூன் வாஷிங்டனில் அரசு விருந்தாளி. விருந்து கெடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசாங்கங்கள் வாயை மூடிக்கொண்டால் அந்த இடத்தை வேறு யாராவது நிரப்புவார்கள். அதே கசிவில் ஒரு பக்கத்தைத் திருத்தி டெலிகிராமில் விட்டார்கள். மூலத்தில் போரில் இறந்த ரஷ்யப் படையினர் 35,500 முதல் 43,000 வரை என்றிருந்ததை 16,000 முதல் 17,500 என்று குறைத்து, உக்ரைன் பக்கத்துக் கணக்கைப் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். இப்படிப்பட்ட படங்கள் எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக் கதை இன்னும் விநோதம். 1972ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டம் இருக்கிறது. 1986இல் அதைத் திருத்தி, குற்றவாளி என்று தீர்ப்பானால் குறைந்தது ஓராண்டு சிறை என்று கட்டாயமாக்கினார்கள். ஒரு குமாஸ்தா கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினால் உள்ளே போக வேண்டியதுதான். ஆனால் நம்மைப் பற்றிய உளவுச் செய்தியைச் சிட்னியில் காசு கொடுத்து பேப்பர் வாங்குகிற எவரும் படிக்கலாம். நாம் என்ன பதில் சொன்னோம் என்பதுதான் நமக்கே ரகசியம்.

தளத்தை மூடச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவோடு சண்டைக்குப் போகவும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் படிக்கப் போகிறார்கள். வெளியில் சொல்ல முடியாதது இருந்தால் அவையின் தெரிவுக்குழுவில் கதவை மூடிக்கொண்டு கேளுங்கள். சொல்லக்கூடியதை மக்களவையில் கேளுங்கள். ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, உங்களில் ஒருவர் போதும். வேலை மிச்சமாகட்டும் என்று கேள்வியை நானே எழுதித் தருகிறேன்:

"2010, 2013 ஆகிய ஆண்டுகளில் உளவு விவகாரம் தொடர்பாக அழைக்கப்பட்ட தூதர்கள் மூலம் அந்நாடுகள் அளித்த பதில் என்ன, எழுத்துபூர்வமான உறுதி எதுவும் பெறப்பட்டதா, பெறப்படவில்லை என்றால் ஏன் என்பதை வெளியுறவு அமைச்சர் தெரிவிப்பாரா?"

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
பாடாங் செராய், கெடா